நாலாவது மீன்

இங்க யாராவது வராங்களா? இல்லையே? அப்ப நான் உக்காந்துக்கறேன். நீ ஜன்னலோரமே இரும்மா, எனக்கு வேணாம். இது மேல காத்து அடிக்கக் கூடாது. ஒரு உதவி பண்ணு, நான் டிக்கெட்டு வாங்கற வரைக்கும் இந்தப் பைய மடியில வச்சிக்கோ. சாய்க்காத. அப்படியே நேரா.

பாட்டில்தான். ஊறுகா பாட்டில். துண்டப் பிரிக்காத, உள்ள மீனு இருக்குது. மூஞ்சிய சுளிக்காத, கொழம்பு மீனு இல்ல. ஃபைட்டருன்னு சொல்லுவாங்க பாரு, ஒத்தையா வளக்கறது, நீலமா, வாலு பாவாடை மாதிரி. எங்க கொளத்தூர்ல தெருவுக்குத் தெரு விக்கிறான். மூடியில ஆணியால ஓட்டை போட்டிருக்கேன். பாதிக்கு மேல தண்ணி ஊத்தல. இந்த மீனு மேல வந்து மூச்சு வாங்கும், அதுக்கு எடம் வேணும். சரி, குடு, வாங்கிக்கறேன்.

பொன்னேரியில இருந்து வரேன். செங்குன்றத்துல எறங்கி வேற வண்டி. மருமகளப் பாக்கப் போனேன், அவ அண்ணன் வீட்ல இருக்கா. ஆறு மாசம் முழுகாம இருக்கா. என் புள்ளயோட கொழந்தை. புள்ள இல்ல. நாலு மாசம் ஆச்சு போயி. ஒரே புள்ள. எனக்குன்னு இனிமே இருக்கறது அவ வயித்துல இருக்கற அது மட்டும்தான். அத என் கண்ணுல காட்டுவாளா மாட்டாளா, அதத் தெரிஞ்சிக்கத்தான் போனேன். வெறுங்கையோடயா போவேன்? இந்த மீன எடுத்துக்கிட்டுப் போனேன். இப்ப மீனத் திருப்பி எடுத்துக்கிட்டு வரேன். நீயே சொல்லு, ஒரு பொம்பளைக்கு எவ்வளவு வீம்பு இருக்கணும்?

நீ சிரிக்கற. மீனா சீருன்னு கேக்கற. உங்க வீட்ல மீனு வளத்ததில்லையா? வாஸ்து பாக்கறவரு சொல்லுவாரே, கேட்டதில்ல? வீட்டுக்கு ஒரு கெட்டது வருதுன்னு வையி, அத மீனு ஏத்துக்கும். ஏத்துக்கிட்டு அது செத்துடும். வீட்டு ஆளுக்கு ஒண்ணும் ஆகாது. அதனால மீனு செத்தா அழக் கூடாது. மவராசி, எங்களக் காப்பாத்திட்டன்னு சொல்லி மஞ்சத் தண்ணி தெளிச்சி செடிக்கு அடியில பொதைச்சிட்டு, மறுநாளே வேற வாங்கி விட்டுடணும். தொட்டி காலியா இருக்கக் கூடாது.

நம்பிக்கை இல்லன்னா கேளு. எங்க வீட்டுக்காரர் போன பிறகுதான் மொத மீனு வாங்கினோம். பக்கத்து வீட்டுக்காரன் செவுத்துக்காக கேஸ் போட்டிருந்தான். ஒரு நாள் காலையில பாத்தா மீனு மெதக்குது. அந்த மாசமே கேஸ வாபஸ் வாங்கிட்டான். ரெண்டாவது மீனு செத்த அன்னிக்கு எம்புள்ள உமாபதியோட குட்டி யானை வண்டி, லோடு வண்டிதான், ஏரிக்கரைப் பள்ளத்துல கவுந்துடுச்சு. வண்டி அப்பளம். அவன் மேல ஒரு கீறல் இல்ல. போலீஸ்காரனே அதிசயப்பட்டான். நல்லா போதையில இருந்தா ஒடம்பு தளர்ந்து இருக்குமாம், அதனால அடிபடலன்னு அந்தாளு சொன்னான். அவனுக்கு என்ன தெரியும்? மீனு ஏத்துக்கிச்சு.

மூணாவது மீனு செத்தது மருமக வந்த பிறகு. எழிலரசின்னு பேரு அவளுக்கு. கல்யாணமாயி ஒரு வருஷத்துல உண்டானா. மூணாம் மாசம் மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டா. தங்கல. உமாபதி மேலதான் நின்னுக்கிட்டிருந்தான், புடிக்கறதுக்குள்ள விழுந்துட்டா. அந்த வாரமே மீனும் போச்சு. நான் ஆஸ்பத்திரியில அவ தலைமாட்டுல உக்காந்து சொன்னேன், இதோட போச்சேன்னு சந்தோஷப்படு, உன் உசுருக்கு வந்தது, மீனு ஏத்துக்கிச்சுன்னு. அவ செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. அப்பவே மொரடு.

இது நாலாவது. இது வந்த பிறகுதான் எல்லாமே கோணலாச்சு.

செல்போன கவுத்து வையிம்மா. கோவிச்சிக்காத. அந்தக் கண்ணாடியில இது மூஞ்சி இதுக்கே தெரியும், துண்டு வேற விலகி இருக்குது. வேற மீனு சண்டைக்கு வந்துடுச்சுன்னு நெனச்சிக்கும். செவுளு ரெண்டையும் விரிச்சிக்கிட்டு, வால விசிறிக்கிட்டு முட்டப் போகும். பாக்க அழகாத்தான் இருக்கும். உமாபதிக்கு அதுல ஒரு குஷி. சிநேகிதக்காரனுங்க வந்தா சவரக் கண்ணாடிய எடுத்துட்டு வந்து தொட்டிக்குப் பக்கத்துல புடிப்பான். இது சீறும். கண்ணாடிய இந்தப் பக்கம் கொண்டு போனா இந்தப் பக்கம் சீறும், அந்தப் பக்கம் போனா அந்தப் பக்கம். அவனுங்க விழுந்து விழுந்து சிரிப்பானுங்க. எம்புள்ள தமாஷ் பேர்வழி. அவகிட்டயும் அப்படித்தான். சோறு போட்டுட்டு நகர்ந்தா தட்டத் தள்ளி விடுவான். ஏன்னு கேட்டா, உனக்குக் கோவம் வருதான்னு பாத்தேன்னு சொல்லுவான். கோவப்பட்டா சிரிப்பான். கோவப்படலன்னா திரும்பப் பண்ணுவான். வெளையாட்டுப் புத்தி.

இவளுக்கு வெளையாட்டுத் தெரியாது. ஒரு நாள் நடுவுல பூந்து கண்ணாடியப் புடுங்கப் போனா. கை தவறி கண்ணாடி ஒடஞ்சி அவ கையில கிழிச்சிடுச்சு. கட்டை விரலுக்குக் கீழ, நல்லா ஆழமா. நாலு ஆம்பளைங்க மத்தியில புருஷன் கையில இருக்கறதப் புடுங்கலாமா? நான் அதத்தான் அவளக் கேட்டேன்.

அதுக்கு அப்புறம்தான் மீனு சொணங்கிடுச்சு. நீலமெல்லாம் வெளுத்துப் போயி சாம்பல் கலரு. ரெக்கைய ஒடம்போட ஒட்டி வச்சிக்கிட்டு அடியில போயி ஒரு மூலையில கெடக்கும். மேல வந்து ஒரு வாய் மூச்சு வாங்கும், திரும்பப் போயி அதே மூலை. தீனி போட்டா பாக்கறதே இல்ல. தன் வாலத் தானே கடிச்சி நாராக் கிழிச்சிக்கிச்சு. நான் மனசுக்குள்ள நெனச்சேன், சரி, என்னமோ வருது, இது ஏத்துக்கத் தயாராகுதுன்னு. அப்ப விட்டுடணும். அதுதான் மொறை. அதுக்குத்தான் மீனு.

அவ விடல.

செல்போன்ல பாத்து என்னென்னமோ கத்துக்கிட்டா. மீனுக்கு வியாதி இல்ல அத்த, பயம்தான், பயத்துல இப்படி ஆகும்னு போட்டிருக்குதுன்னு சொன்னா. மீனுக்கு என்ன பயம்? வேளைக்குத் தீனி, இருக்க எடம். ஆனா அவ ஒத்தக் காலுல நின்னா. கூடத்துல இருந்த தொட்டிய சமையக்கட்டு மூலைக்கு மாத்திட்டா. ஈசானி மூலையில இருந்தத மாத்தலாமா? சுத்தி நியூஸ் பேப்பர் ஒட்டினா, வெளிய எதுவும் தெரியக் கூடாதாம். கொழாத் தண்ணிய அப்படியே ஊத்தாம பக்கெட்டுல பிடிச்சி ஒரு நாள் வச்சிருந்து ஊத்தினா, அதுவும் மொத்தமா மாத்தாம கொஞ்சம் கொஞ்சமா. மருந்து வாடை போகணுமாம். வாதாங்கா மரத்து இலை, நாட்டு பாதாம்தான், காஞ்சி தானா விழுந்தது, அதப் பொறுக்கிட்டு வந்து கழுவிப் போட்டா. தண்ணி டீ மாதிரி ஆயிடுச்சு. அதுல மீனுக்கு மனசு ஆறுமாம். நான் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டா சமையக்கட்டுக் கதவ சாத்திட்டா. இது மேல வந்து மூச்சு வாங்குது அத்த, பொகை ஆகாதுன்னா. மூணு மீனு இந்த சாம்பிராணியிலதான வளந்துச்சு?

தொட்டிக்கிட்ட உக்காந்து பேசுவா. டேய் தம்பி, ஒண்ணே ஒண்ணு சாப்பிடுறா. இப்ப யாரும் இல்லடா. வாடா. கடுகாட்டம் ஒரு தீனி, அத விரல் நுனியில வச்சிக்கிட்டு எவ்வளவு நேரம் உக்காந்திருப்பா தெரியுமா? எங்கிட்ட அந்த மாதிரி ஒரு வார்த்தை பேசினதில்ல. உமாபதி வண்டிச் சத்தம் கேட்டா டக்குனு எழுந்து தொட்டி மேல துணியப் போட்டு மூடிடுவா. புருஷன் வீட்டுக்கு வரான், மீன மூடறா.

என்ன கேட்ட? குடிப்பானா? எந்த ஆம்பளை குடிக்கல? நாள் பூரா லோடு ஏத்தி எறக்கறவன், ஒடம்பு வலிக்காதா? குடிச்சிட்டு வந்தாலும் என்ன ஒரு நாளு கை நீட்டினதில்ல. அம்மான்னா அவ்வளவு உசுரு. நான் டிவி சத்தத்தக் கூட்டி வச்சிக்கிட்டு என் பாட்டுக்கு இருப்பேன். புருஷன் பொண்டாட்டி நடுவுல நான் எதுக்கு? அது ஒரு நாகரிகம்.

நடுவுல உமாபதி நெல்லூர் பக்கம் லோடு ஓட்டப் போனான். பத்து நாள் இருக்கும். கேட்டுக்கோ, அவன் இல்லாத நேரமாப் பாத்து அந்தப் பத்து நாளுல மீனத் தேத்திட்டா. நானே பாத்தேன். மொதல்ல மூலைய விட்டு நடுவுக்கு வந்துச்சு. அப்புறம் அவ விரலத் தேடி மேல வந்துச்சு. தீனி எடுத்துச்சு. கிழிஞ்ச வாலுல ஓரமா, கண்ணாடி மாதிரி மெலிசா புதுசு வளந்துச்சு. கலரு திரும்பிடுச்சு. அவளும் அந்தப் பத்து நாளுல கொஞ்சம் சதை போட்டா. மத்தியானத்துல தூங்கினா. ஏதோ பாட்டுக்கூட மொணகினா சமையக்கட்டுல. புருஷன் வெளியூர்ல கஷ்டப்படறான், இவளுக்குப் பாட்டு.

அவன் திரும்பி வந்த மூணாம் நாளு பைபாஸ்ல நின்னுக்கிட்டிருந்த லாரிக்குப் பின்னாடி போயி சொருகிட்டான்.

தண்ணி இருக்குதாம்மா உங்கிட்ட? ஒரு வாய் குடு. இந்தப் பைய நீயே மடியில வச்சிக்கோ.

முன்னாடி கவுந்தப்ப கீறல் இல்லாம வந்தானே, அதே புள்ள. அதே மாதிரி வண்டி. அன்னிக்கு மீனு செத்துச்சு, அவன் பொழைச்சான். இன்னிக்கு மீனு பொழைச்சிடுச்சு. இத விட என்ன சாட்சி வேணும்? அவன் மேல இருந்த கண்டம் மீனு மேல எறங்கி பாதி ஏத்துக்கிட்டு இருந்துச்சு. இவ இலையப் போட்டு, பேப்பர ஒட்டி, மீன இழுத்துப் புடிச்சிட்டா. அது எங்க போகும்? எம்புள்ள மேல போச்சு. அவனக் கொண்டு வந்து கூடத்துல போட்டிருக்கு, ஊரே கூடியிருக்கு, நான் எல்லார் முன்னாடியும் கத்தினேன். அந்த மீனு செத்திருந்தா என் புள்ள இருந்திருப்பாண்டி. மீன வச்சிக்கிட்டு என் புள்ளயக் குடுத்துட்டியேடின்னு. அவ என்னப் பாத்தா. அழல. ஒரு சொட்டு அழல. வந்தவங்க எல்லாம் பாத்தாங்க.

பதினாறு முடிஞ்சதும் அவ அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிட்டான். போகும்போது ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. நக வேணாம், பாத்திரம் வேணாம், மீன மட்டும் எடுத்துக்கட்டுமா அத்தன்னு கேட்டா. குடுக்கல. என் வீட்டு மீனு. என் புள்ளயத் தின்ன மீனு. எடுத்து மொட்டை மாடியில, வெயில்ல, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல வச்சேன். இப்பவாவது செத்துத் தொலையட்டும்னு. தீனி போடல. கொசுப் புழுவத் தின்னுச்சோ என்னமோ, சாகல பாத்துக்கோ. திரும்ப வெளுத்துப் போச்சு, திரும்ப அதே மூலை, திரும்ப வாலக் கடிச்சிக்கிச்சு. ஆனா சாகல. துணி காயப் போடப் போகும்போதெல்லாம் எட்டிப் பாப்பேன். மேல வந்து ஒரு வாய் மூச்சு வாங்கிட்டுப் போகும். அவ்வளவுதான். அந்த ஒரு வாய் மூச்சுக்காகவே இருக்கற மாதிரி.

அப்பதான் எங்க தெரு கற்பகம், அவளுக்குப் பொன்னேரியில தங்கச்சி இருக்கா, அவ வந்து சொன்னா. உன் மருமக அஞ்சு மாசமாமே, தெரியாதான்னு. அப்ப அவன் இருக்கும்போதே உண்டாயிருக்கா. வாயத் தொறக்கல. ஏன் சொல்லாம இருந்தா? சந்தோஷப்பட்டிருப்பானே எம்புள்ள. மொத தடவ சொன்ன அன்னிக்கு எப்படி இருந்தான். குடிச்சிட்டு தெருவெல்லாம் சொல்லிட்டு வந்தான். அதுக்கு அப்புறம்தான் அந்த மாடிப்படி.

சரி, அத விடு.

கற்பகம் போனதும் நேரா மாடிக்குப் போனேன். இது உசுரோட இருக்குதான்னு பாத்தேன். இருந்துச்சு. ரெண்டு கையாலயும் தூக்கிட்டு வந்து சமையக்கட்டு மூலையில, அவ வச்ச அதே எடத்துல வச்சேன். ஏன்னு கேக்கறியா? கொழந்தை வரப் போகுதே. அதுக்கு ஒண்ணுன்னா ஏத்துக்க ஒரு மீனு வேணாமா? புதுசா ஒண்ணு வாங்கலாம். ஆனா இது அவ கையில வளந்தது, அந்தக் கொழந்தை இருந்த வீட்லயே இருந்தது. இதுதான் சரியா ஏத்துக்கும். அரை உசுரா இருக்கறது எப்படி ஏத்துக்கும்? நல்லா தேறினாத்தான ஆகும். அதனால தேத்தினேன்.

அவ பண்ணினதெல்லாம் பண்ணேன். தேடித் தேடி காஞ்ச வாதாங்கா இலை. ஒரு நாள் வச்ச தண்ணி. ஒரு சிட்டிகை கல்லுப்பு. சுத்தி பேப்பரு. சாம்பிராணி போடறத நிறுத்தினேன். டிவி சத்தம் கேட்டா இது ஒடம்பு உதறுது, அதனால டிவிய சின்னதா வச்சேன், அப்புறம் போடறதே இல்ல. பாத்திரத்த மெதுவா வச்சேன். டக்கு டக்குன்னு நடக்காம நடந்தேன். மொதல்ல பைத்தியக்காரி மாதிரி இருந்துச்சு. வீட்ல ஒரு சத்தம் இல்ல. சத்தம் இல்லாம அந்த வீட்ட நான் பாத்ததே இல்லம்மா. எங்க வீட்டுக்காரர் காலத்துலயும் இல்ல. அந்த சமையக்கட்டு மூலையில உக்காந்து பாத்தா கூடத்துல நடக்கறது எல்லாம் தெளிவாக் கேக்கும்னு அப்பதான் தெரிஞ்சுது. இப்ப கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.

நானும் பேசினேன் இதுகிட்ட. தம்பின்னு கூப்பிட்டா வருமான்னு பாத்தேன். ரொம்ப நாள் வரல. ஒரு நாள் வந்துச்சு.

போன வாரம் காலையில பாத்தா தண்ணி மேல ஓரமா நொரை. சின்னச் சின்னதா, கெட்டியா. கெட்டுப் போச்சுன்னு பயந்துட்டேன். மீனு விக்கறவங்கிட்ட ஓடினேன். அவன் சிரிக்கறான். ஆம்பள மீனு நல்லா இருந்தா இப்படி நொரை கட்டும்மா, குஞ்சு வெக்கறதுக்குக் கூடு, முட்டையப் பாத்துக்கறதெல்லாம் அப்பங்காரன்தான்னு சொன்னான். எனக்கு அங்கயே அழுகை வந்துடுச்சு. எம்புள்ள ஞாபகம். அவனும் இருந்திருந்தா இப்படித்தான் பாத்துக்கிட்டிருப்பான்.

ஆமாம்மா, இருந்திருப்பான். நீ ஏன் அப்படிப் பாக்கற?

இன்னிக்கு எடுத்துட்டுப் போனேன். கதவத் தொறந்தது அவ அண்ணன். உள்ள கூப்பிடல. அவளக் கூப்பிட்டான். வயிறு நல்லாத் தெரியுது. மூஞ்சி பளிச்சுனு இருக்குது, எங்க வீட்ல இருந்தப்ப அப்படி இல்ல. என்னப் பாக்கல. பாட்டிலத்தான் பாத்தா. துண்ட விலக்கி மூடியத் தொறந்து விரலத் தண்ணி மேல வச்சா. கட்டை விரலுக்குக் கீழ அந்தத் தழும்பு அப்படியே இருக்குது. இது என்ன பண்ணுச்சு தெரியுமா? நாலு மாசம் ஆச்சு, அவ விரலுக்கு வந்துச்சு. முட்டி முட்டிப் பாத்துச்சு. நல்லா தேத்திட்டீங்க அத்தன்னு சொன்னா.

அவ வாயில இருந்து ஒரு நல்ல வார்த்தை. எனக்கு நெஞ்சு நெறஞ்சி போச்சு. சொல்லிட்டேன், வச்சிக்கோடி கண்ணு, கொழந்தை கிட்ட வச்சிக்கோ, எது வந்தாலும் இது ஏத்துக்கும், அதுக்குத்தான் தேத்தினேன்னு.

விரல எடுத்துட்டா. மூடிய மூடினா. மெதுவாத்தான் பேசினா, சத்தம் போடல. அந்த வீட்ல எந்த மீனும் எதையும் ஏத்துக்கல அத்த. எல்லாத்தையும் நான் ஏத்துக்கிட்டேன். நீங்க டிவி பாத்துக்கிட்டு இருந்தீங்கன்னு சொன்னா.

அப்படிச் சொல்லலாமா? ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். வயசான பொம்பளை. நான் டிவி பாத்தது குத்தமா? கொழந்தை பொறந்தா சொல்லி அனுப்புவியான்னு மட்டும் கேட்டேன். அதுக்கு அவ, இத எடுத்துட்டுப் போங்க, எதுக்குன்னும் வைக்காதீங்க, சும்மா வளங்க, இதுக்கு உங்க வீட்டுச் சத்தம் நின்னது போதும்னா. பாட்டில என் கையில குடுக்கும்போது துண்ட நல்லா சுத்தி, காத்து படாமப் பாத்துக்கோங்கன்னா.

புழல் வந்துடுச்சா? இல்ல? செங்குன்றம்தானா? அப்ப நான் எறங்கணும்.

ஒண்ணு சொல்லட்டுமா? அவ கதவ என் மூஞ்சில அறைஞ்சி சாத்துவான்னு நெனச்சேன். அப்படிச் சாத்தியிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும், கோவம்னு நெனச்சிக்கிட்டு வந்திருப்பேன். அவ சாத்தல. அப்ப என் கையில பாட்டில் இருந்துச்சு பாரு. சத்தத்துல இது பயந்துடும்னு, தாழ்ப்பாளக் கையில புடிச்சிக்கிட்டு, மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா சாத்தினா. சாத்தினதே கேக்கல. எங்க வீட்டுக் கதவ ஒரு நாளும் யாரும் அப்படிச் சாத்தினதில்ல.

பைய குடும்மா. நேரா.